கழிக்கும் கண்ணாடி: நிலக்காட்சிப் படங்களில் வானமும் ஃபில்டரும்

(நாகர்கோவிலில் புகைப்பட ஆர்வலர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேரூர் குளத்தங்கரையில் காலையில் நின்று மலைப் பக்கம் பார்த்தால் நம் கண்ணுக்கு எதுவும் தப்புவதில்லை. தண்ணீரில் கிடக்கும் தாமரை இலை தெரிகிறது. தென்னந்தோப்பின் அடியில் படிந்த நிழல் தெரிகிறது. மலையும், மலைக்கு மேலே அடுக்கடுக்காய் ஏறி நிற்கும் மேகமும் தெரிகின்றன. அதே இடத்தில் கேமராவை வைத்து அழுத்தினால், தோப்பு நன்றாக விழுந்த படத்தில் வானம் வெறும் வெள்ளையாகிவிடுகிறது. மேகத்துக்குத் தகுந்தபடி எக்ஸ்போஷரைக் குறைத்தால் தோப்பு கரியாகிவிடுகிறது. ஃபிலிமில் பழகிய மூத்தவர்களும், செல்போனில் தொடங்கி இப்போதுதான் முதல் கேமரா வாங்கியிருக்கும் தம்பி தங்கைகளும் இந்தச் சங்கடத்தைப் பட்டிருப்பீர்கள்.

கண் ஒரு காட்சியை ஒரே மூச்சில் பார்ப்பதில்லை. மேகத்தைப் பார்க்கும்போது தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. நிழலுக்குள் நுழையும்போது விரித்துக்கொள்கிறது. பார்த்த துண்டுகளை எல்லாம் மூளை சேர்த்து ஒரே காட்சியாகத் தருகிறது. கேமராவுக்கு அந்த வசதி இல்லை. வானத்துக்கும் தரைக்கும் அது ஒரே அளவைத்தான் வைக்கும். இரண்டுக்கும் நடுவே மூன்று ஸ்டாப், நான்கு ஸ்டாப் வித்தியாசம் இருப்பது வெகு சாதாரணம். ஒரு ஸ்டாப் என்பது இரட்டிப்பு. நான்கு ஸ்டாப் என்றால் வானம் தரையைவிடப் பதினாறு மடங்கு பிரகாசம். சூரியன் உதிக்கும் பக்கம் திரும்பினால் அதற்கும் மேலே போகும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க மனிதர்கள் இரண்டு வழிகளைக் கண்டார்கள். ஒன்று, இல்லாத வானத்தைக் கூட்டுவது. மற்றது, மிகுதியான வெளிச்சத்தைக் கழிப்பது. புகைப்படத்தின் வரலாற்றில் கூட்டல்தான் முதலில் வந்தது. கழித்தல் பின்னால் வந்தது. இன்று மென்பொருளின் தயவில் கூட்டல் மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் கழித்தலின் பக்கம் நிற்பவன். ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் நம் மண்ணோடு தொடர்புடைய ஒருவர். லினேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி எல்லாம் சுற்றிப் படம் எடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை நீளத் தொடராகப் படம்பிடித்து ஒட்டியவர். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் அந்தக் காலத்தில் எப்படி இருந்தனவோ அப்படியே இன்று நாம் பார்க்க முடிகிறதென்றால் அவருடைய மெழுகுத்தாள் நெகட்டிவ்கள் ஒரு முக்கியக் காரணம். அதற்கு முன்பு, 1855-ல், அவர் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்றார். அந்தப் பயணத்தில் எடுத்த நெகட்டிவ்கள் பலவற்றில் அவர் கையால் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கியிருக்கிறார். மரங்களின் இலைக் கூட்டத்தையும் திருத்தியிருக்கிறார். மிகுந்த பொறுமையோடு செய்த வேலை அது. பார்ப்பவர்களுக்கு எளிதில் பிடிபடாது.

அவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டியிருந்தது? அன்றைய வெள்ளி உப்புப் பூச்சுகளுக்கு நீலமும் ஊதாவும் அதற்கு அப்பாலுள்ள புற ஊதாவும் மட்டுமே தெரியும். பச்சை அநேகமாகத் தெரியாது, சிவப்பு சுத்தமாகத் தெரியாது. நீல வானம் அந்தப் பூச்சுக்கு வெண்மேகத்துக்குச் சமமான வெளிச்சம். ஆகவே நீலமும் மேகமும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிடும். பச்சை மரமோ கருத்துப்போகும். மரத்துக்குத் தேவையான நேரம் திறந்து வைத்தால் வானம் போயே போய்விடும். டிரைப்பின் தூரிகையை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த தாள் வானத்தைப் பார்க்கத் தெரியாத தாள். அதற்கு அவர் ஓவியரின் கையை உதவிக்கு அழைத்தார்.

அதே சமயத்தில் பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக்காரர் வேறொரு வழியில் போனார். கடலுக்கு ஒரு கண்ணாடித் தகடு, மேகத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு. இரண்டையும் தனித்தனி எக்ஸ்போஷரில் எடுத்து, அச்சிடும்போது தொடுவானக் கோட்டில் ஒட்டவைத்தார். 1856, 1857 ஆண்டுகளில் அவர் எடுத்த கடற்காட்சிகள் பாரிசிலும் லண்டனிலும் பெரும் வியப்பை உண்டாக்கின. செத் துறைமுகத்தில் எடுத்த பேரலைப் படத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். இன்றைக்கும் அந்த அலையின் பாய்ச்சல் குறையவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருடைய ஒரே மேகத் தகடு ஒன்றுக்கு மேற்பட்ட கடல்களின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு கடற்கரையின் வானம் இன்னொரு கடற்கரைக்குப் போயிருக்கிறது. அழகு குறையவில்லை, ஆனால் அந்த நேரம், அந்த இடம் என்ற பிணைப்பு அறுந்துவிட்டது.

கழித்தல் வருவதற்கு முதலில் தகடுகள் நிறம் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1873-ல் ஜெர்மனியின் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், பூச்சில் ஒரு சாயத்தைக் கலந்தால் அது பச்சையையும் உணரத் தொடங்குவதைக் கண்டுபிடித்தார். 1906-ல் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1912-ல் அந்த நிறுவனத்தைக் கோடாக் வாங்கியது. இன்றும் நாம் 8-ம் எண் மஞ்சள், 25-ம் எண் சிவப்பு என்று சொல்கிற எண்ணெல்லாம் ராட்டன் வரிசையிலிருந்து வந்தவைதான். தகட்டுக்கு நீலம் தவிர மற்ற நிறங்களும் தெரிந்த பிறகுதான் நீலத்தைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பயன் வந்தது. லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடியை வைத்தால் வானத்தின் நீலம் குறைகிறது. மேகத்தில் எல்லா நிறமும் இருப்பதால் அது வெள்ளையாகவே நிற்கிறது. தூரிகை இல்லாமலே மேகம் வானத்திலிருந்து பிரிந்து வருகிறது.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோன ஒரு நாள் உண்டு. 1927 ஏப்ரல் 10. இடம், கலிபோர்னியாவின் யோசெமிட்டி. புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸுக்கு அப்போது வயது 25. ஹாஃப் டோம் என்ற கருங்கல் மலையின் செங்குத்து முகத்தை எடுப்பதற்காக, பெரிய கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்துகொண்டு, பனிச்சரிவு வழியே டைவிங் போர்டு என்ற பாறை விளிம்புக்கு நண்பர்களோடு ஏறினார். வழியிலேயே தகடுகளைச் செலவழித்ததால் மலைக்கு முன் நிற்கும்போது மிச்சம் இரண்டுதான். முதல் தகட்டை வழக்கமான மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார். எடுத்தவுடனே அவர் மனதில் ஒரு கேள்வி எழுந்தது: இந்தப் படம் அச்சில் எப்படி வரும்? மஞ்சள் ஃபில்டரில் வானம் நடுத்தரச் சாம்பலாக வரும், மலையின் பிரம்மாண்டம் அதில் கரைந்துபோகும் என்று உணர்ந்தார். தன் உள்ளத்தில் பட்ட மலை அதுவல்ல. கடைசித் தகட்டுக்கு 29-ம் எண் அடர்சிவப்பு ஃபில்டரைப் போட்டார். அந்த ஃபில்டர் விழுங்கும் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு ஸ்டாப். எஃப் 22-ல் ஐந்து விநாடி திறந்து வைத்தார்.

அந்தப் படத்தில் வானம் ஏறக்குறைய கறுப்பு. மலைமுகத்தில் சூரியன் படும் இடம் உலோகம் போல் ஒளிர்கிறது. நிழல்களும் ஆழமாக இருக்கின்றன. வெயில் நேரடியாகப் படாத நிழலுக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம்தான், அந்த நீலத்தையும் சிவப்புக் கண்ணாடி தடுத்துவிட்டது. படம் எடுக்கும் முன்பே முடிந்த படத்தை மனதில் காண்பதைப் பற்றி ஆடம்ஸ் பின்னாளில் வாழ்நாளெல்லாம் பேசினார், எழுதினார். அதற்கெல்லாம் தொடக்கம் அந்தப் பிற்பகலில் மாற்றிய ஒரு ஃபில்டர்.

அன்று வானம் கறுப்பாக இல்லையே, அதுவும் பொய்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் இப்படிப் பார்க்கிறேன். அந்தத் தகட்டில் விழுந்த ஒவ்வொரு துளி வெளிச்சமும் அந்த மலையிலிருந்தும் அந்த வானத்திலிருந்தும் அந்த ஐந்து விநாடிகளில் வந்தது. எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று மட்டுமே அவர் முடிவு செய்தார். வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. ஃபில்டருக்குக் கழிக்க மட்டுமே தெரியும். அதனால் ஃபில்டர் வைத்திருப்பவர் அங்கே இருப்பதை முதலில் நன்றாகப் பார்த்தாக வேண்டும். வானத்தில் நீலம் இல்லாத நாளில் சிவப்பு ஃபில்டர் ஒன்றும் செய்யாது. வெள்ளை வானம் வெள்ளையாகவே வரும்.

வண்ணப் படத்துக்கு இந்த வழி உதவாது. சிவப்புக் கண்ணாடி போட்டால் படம் முழுக்கச் சிவப்பு. அங்கே தேவைப்படுவது நிறமில்லாத சாம்பல் கண்ணாடி. அதுவும் மேல் பாதியில் மட்டும் சாம்பல், கீழ்ப் பாதியில் தெளிவு. இதைத்தான் கிராஜுவேட்டட் என்.டி. என்கிறோம், பேச்சில் சுருக்கமாக கிராட். இதை நிலக்காட்சிக்காரர்களின் அன்றாடக் கருவியாக ஆக்கியதில் அமெரிக்க மலையேறி கேலன் ரோவலுக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்-ரே நிறுவனத்தோடு சேர்ந்து அவர் வடிவமைத்த கிராட் வரிசை அவர் பெயரிலேயே விற்பனையானது. 2002-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பயன்படுத்திய ஸ்லைடு ஃபிலிமில் பிடிபடும் ஒளி வீச்சு ஐந்து ஸ்டாப்பைத் தாண்டாது. உச்சிப் பனியில் காலை வெயில், பள்ளத்தாக்கில் நிழல். கிராட் இல்லாமல் அந்த ஃபிலிமில் இரண்டையும் சேர்த்திருக்க முடியாது.

இந்த ஃபில்டர்களில் 0.3 என்று போட்டிருந்தால் ஒரு ஸ்டாப், 0.6 இரண்டு, 0.9 மூன்று. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கண் மதிப்பு போதாது. ஸ்பாட் மீட்டரில் முதலில் தரையை அளவிடுங்கள். எஃப் 11-ல் 1/15 என்று வருகிறது என்று வையுங்கள். பிறகு வானத்தை அளவிடுங்கள். அதே எஃப் 11-ல் 1/250. நடுவே நான்கு ஸ்டாப். உடனே நான்கு ஸ்டாப்பையும் கழித்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். அங்கேதான் பலருடைய படம் கெடுகிறது. நான்கையும் கழித்தால் வானமும் தரையும் ஒரே பிரகாசம் ஆகிவிடும். தரைக்கு வெளிச்சம் தருவதே வானம். தருகிறதைவிடப் பெறுகிறது பிரகாசமாக இருப்பது அரிது. ஆகவே இரண்டு ஸ்டாப் கழியுங்கள், மிஞ்சினால் மூன்று. வானம் தரையைவிட ஒன்று அல்லது இரண்டு ஸ்டாப் பிரகாசமாகவே இருக்கட்டும்.

அளவு சரிதானா என்பதைச் சோதிக்கத் தண்ணீரைவிடச் சிறந்த சாட்சி இல்லை. குளத்தில் விழும் வானத்தின் பிம்பம் வானத்தைவிட மங்கலாகத்தான் இருக்கும். தண்ணீர் தன்மேல் விழும் வெளிச்சம் முழுவதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஒரு பங்கு உள்ளே போய்விடுகிறது. இது பௌதிகம், இதில் விதிவிலக்குக் கிடையாது. போட்டிகளுக்கு வரும் படங்களில் மேலே வானம் இருண்டு, கீழே குளத்துக்குள் வானம் பளிச்சென்று இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் மனம் ஒட்டாது. குமரி மாவட்டத்தில் குளத்துக்கா பஞ்சம்? அடுத்த முறை குளக்கரையில் கிராட் போடும்போது மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை பாருங்கள். பிம்பம் வானத்தை மிஞ்சினால் ஒரு ஸ்டாப் குறைந்த ஃபில்டருக்கு மாறுங்கள்.

கிராடின் வகைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பலும் தெளிவும் சந்திக்கும் இடம் சட்டென்று மாறினால் ஹார்ட், மெதுவாகக் கரைந்தால் சாஃப்ட். கடலைப் பார்த்து நின்றால் தொடுவானம் நூல் பிடித்த கோடு. அங்கே ஹார்ட் பொருத்தம். ஆனால் நம் நிலம் எப்போதும் அப்படி இல்லை. ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. சுசீந்திரத்தில் கோபுரம் வானத்துக்குள் ஏறிப் போகிறது. பனை எங்கும் இருக்கிறது. அங்கெல்லாம் ஹார்ட் கிராடைப் போட்டால் காற்றாலையின் மேல்பாதி இருண்டுவிடும், கோபுரத்தின் உச்சி நிலைகள் அடி நிலைகளைவிடக் கறுத்துப்போகும். தலையில் யாரோ கரி பூசியது தெரிந்துவிடும். சாஃப்ட் போட்டால் பாதிப்பு குறையும், அடியோடு போகாது. கோபுரம்தான் படத்தின் உயிர் என்றால் கிராடையே விட்டுவிடுவது நல்லது. சூரியன் உங்கள் முதுகுக்கு வரும் வரை காத்திருந்தால் வானத்துக்கும் கோபுரத்துக்கும் உள்ள வித்தியாசம் தானாகவே சுருங்கிவிடும்.

வானம் எங்கே அதிகப் பிரகாசம் என்பதையும் பார்க்க வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை. முழுக்க மேகம் மூடிய ஆனி, ஆடி நாட்களில் உச்சிதான் பிரகாசம். ஒளியியலில் வழங்கும் கணக்குப்படி, சீராக மேகம் மூடிய வானத்தின் உச்சி தொடுவானத்தைவிட மூன்று மடங்கு ஒளி தரும். மேலே போகப் போக அடர்த்தி கூடும் சாஃப்ட் கிராட் இதற்கென்றே செய்தது போல் பொருந்தும். உதயத்திலும் அஸ்தமனத்திலும் இது தலைகீழ். தொடுவானக் கோட்டில் பிரகாசம், மேலே போகப் போக இருட்டு. அங்கே சாதாரண கிராடைப் போட்டால் ஏற்கெனவே இருண்ட மேல் வானம் மேலும் இருளும், கோட்டருகே வெளிச்சம் அடங்காது. இதற்காகத்தான் நடுவில் அடர்த்தியும் மேலே இளக்கமுமாக ரிவர்ஸ் கிராட் செய்கிறார்கள். கடலோரக்காரர்களான நமக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட இது அதிகம் பயன்படும்.

ஃபில்டரை வைக்கும்போது லென்ஸை எடுக்கப்போகும் எஃப் எண்ணுக்கே சுருக்கி, திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். அகல லென்ஸில் எஃப் 16 வைத்தால் கிராடின் எல்லைக் கோடு கூர்மையாகத் தெரியும். டெலி லென்ஸில் அதே ஃபில்டரின் கோடு கலங்கிப்போகும். கடற்கரையில் உப்புத் துளி ரெசின் ஃபில்டரில் காய்ந்து போனால் துடைக்கும்போது கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு துணி.

அடுத்தது போலரைசர். இதைப் பற்றிப் பேசும்போது ஒரு தமிழரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1921-ல் சர் சி. வி. ராமன் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். கடலின் நீலம் வானத்து நீலத்தின் பிரதிபலிப்புதான் என்பது அன்று இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லி எல்லாரும் ஏற்றிருந்த கருத்து. ராமன் தன்னோடு கொண்டுபோயிருந்த நிக்கோல் முப்பட்டகத்தின் வழியே, தகுந்த கோணத்தில், கடலைப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான்வெளிச்சத்தை அந்த முப்பட்டகம் அணைத்துவிட்டது. பிரதிபலிப்பு போன பிறகும் கடல் நீலமாகவே இருந்தது. சொல்லப்போனால் இன்னும் நன்றாக நீலமாக இருந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு அது அவரை இட்டுச்சென்றது. நாம் லென்ஸில் திருகிப் போடும் போலரைசர் செய்வது அதே வேலைதான். ஒரு திசையில் அதிரும் ஒளியை விட்டு, மற்றதைத் தடுக்கிறது. கழித்தல் எவ்வளவு பெரிய உண்மையைக் காட்டித் தரும் என்பதற்கு அந்தக் கப்பல் தளத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வானத்தின் நீலமும் சிதறிய ஒளிதான், அதில் ஒரு பகுதி ஒரே திசையில் அதிர்வது. சூரியனிலிருந்து 90 பாகை விலகிய பட்டையில் இது மிக அதிகம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் செங்கோணமாக விரித்து, ஒரு விரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கையைச் சுழற்றினால் மற்ற விரல் காட்டும் இடமெல்லாம் போலரைசர் நன்றாக வேலை செய்யும் இடம். வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துவிட்டு நடுப்பகலில் போலரைசர் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் இருப்பது எட்டாம் அட்சரேகைப் பக்கம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டியும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அப்போது 90 பாகைப் பட்டை தொடுவானத்தைச் சுற்றி ஓடும். அங்கேதான் கடலோரப் புகைமூட்டமும் அதிகம். ஈரமும் தூசும் ஒளியைப் பலமுறை சிதறடித்து அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். போலரைசரை எவ்வளவு திருப்பினாலும் வெள்ளை வானம் வெள்ளையாகவே நிற்கும். காலையிலும் மாலையிலும் அந்தப் பட்டை வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கே போகும். காலையில் தேரூரிலிருந்து வடக்கே மலையைப் பார்த்துப் போட்டால் அற்புதமாக வரும். அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு வானம் கழுவிவிட்ட மறுநாள் காலை போட்டுப் பாருங்கள். ஆனால் மிக அகலமான லென்ஸ் வேண்டாம். வானத்தின் நடுவில் மட்டும் ஒரு கருநீலத் திட்டு விழும். அதைப் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு.

இன்றைய சென்சார்களில் இதெல்லாம் தேவையா என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நல்ல கேமராக்கள் பதினான்கு ஸ்டாப் வரை வீச்சு பிடிக்கின்றன. உண்மை. மிதமான வெளிச்சத்தில் ரா ஃபைலில் எடுத்து, வானத்துக்குத் தகுந்த எக்ஸ்போஷர் வைத்து, தரையைப் பின்னால் தூக்கிக்கொள்ளலாம். நானும் அப்படிச் செய்கிறேன். ஆனால் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம். நிரம்பிய பிறகு ஊற்றுவது வழிந்துவிடும். அந்த இடத்தில் என்ன இருந்தது என்ற தகவலே இருக்காது. உதய வானத்தில் சிவப்புக் குடம்தான் முதலில் நிரம்பும். ஆகவே மொத்த ஹிஸ்டோகிராமை நம்பாமல் மூன்று நிறத்தையும் தனித்தனியே பாருங்கள். கணினியில் போடும் கிராட், வழிந்துபோன வானத்தைத் திரும்பக் கொண்டுவராது. வெறும் சாம்பலைத்தான் பூசும்.

மூன்று நான்கு எக்ஸ்போஷரில் எடுத்து இணைக்கும் முறையும் இருக்கிறது. அசையாத பாறைக்கும் மலைக்கும் அது நல்ல வழி, குறை சொல்ல மாட்டேன். அலை, தென்னை ஓலை, கொக்குக் கூட்டம் என்று வந்தால் ஒரு படத்தில் இருந்த ஓலை அடுத்த படத்தில் அதே இடத்தில் இருக்காது. போலரைசரின் வேலையைக் கணினி செய்யவே முடியாது. தண்ணீரின் மேல் மின்னும் பளபளப்புக்கு அடியில் என்ன இருந்தது என்பது ஃபைலுக்குள் இல்லை.

இப்போது கூட்டலுக்கு வருகிறேன். 2020 முதல் ஃபோட்டோஷாப்பிலேயே வானத்தை மாற்றும் வசதி இருக்கிறது. ஒரு சொடுக்கில் உங்கள் வெள்ளை வானம் போய் யாரோ எங்கோ எடுத்த செவ்வானம் வந்து நிற்கும். தரையின் நிறத்தையும் அதற்குத் தகுந்தபடி அதுவே சாயமேற்றிக்கொள்ளும். லெ கிரே செய்ததுதானே என்று சிலர் வாதிடுகிறார்கள். லெ கிரேக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர் கையிலிருந்த தகடு நீலத்தையும் வெள்ளையையும் பிரித்தறியாதது. நமக்கு வழி இருக்கிறது. விளம்பரத்துக்கும் கற்பனைச் சித்திரத்துக்கும் எவர் எந்த வானத்தை வைத்தாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் தேரூர் குளம் என்று பெயர் எழுதி ஒரு படத்தை வைத்தால், அந்த வானம் தேரூரின் வானமாக இருக்க வேண்டும். நூறு ஆண்டுக்குப் பிறகு இந்தக் குளங்கள் எந்த நிலையில் இருக்குமோ தெரியாது. மதுரைக்கு டிரைப்பின் படங்கள் இன்று சாட்சியாக நிற்பது போல, இந்த ஊருக்கு நம் படங்கள் சாட்சி சொல்ல நேரலாம். வாங்கி ஒட்டிய வானத்துக்கு அந்தத் தகுதி கிடையாது.

வானம் வெறுமையாக இருக்கும் நாட்களும் உண்டு. மே மாதப் பகலில் கடலோர வானம் மேகமே இல்லாமல் பால் போல் கிடக்கும். அதற்கு கிராட் போட்டால் வெள்ளை, சாம்பலாக மாறும், அவ்வளவுதான். அன்றைக்கு வானத்தைப் படத்தின் ஓரத்தில் ஒரு கீற்றாக வைத்துக்கொண்டு தரையில் கவனம் செலுத்துங்கள். உப்பளம், வலை, பாறைக் குழியில் தேங்கிய தண்ணீர், எவ்வளவோ இருக்கிறது. இருப்பதில் எதை விடுவது என்பதும் கழித்தல்தான்.

நாளை மாலை நாம் முட்டத்துக்குப் போகிறோம். நான்கரை மணிக்கே பாறைப் பக்கம் வந்துவிடுங்கள். முதல் அரைமணி நேரம் யாரும் ஃபில்டரைக் கையில் எடுக்க வேண்டாம். பாறையை அளவிடுங்கள், கடலை அளவிடுங்கள், தொடுவானத்தை அளவிடுங்கள், உச்சியை அளவிடுங்கள். நேரத்தோடு சேர்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சூரியன் இறங்க இறங்க அந்த எண்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்த பிறகு எந்த ஃபில்டர் என்று முடிவு செய்வோம். ஃபில்டர் இல்லாதவர்களும் வாருங்கள். என்னிடம் இருப்பவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: டெலி லென்ஸ் போட்ட கேமராவின் ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியே சூரியனைப் பார்க்காதீர்கள், எவ்வளவு அடர்த்தியான என்.டி. போட்டிருந்தாலும் சரி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது முழுதாகத் தடுக்காது. திரையில் பார்த்தே எடுங்கள். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.